போர்ஷே 911ஐ விற்று மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் போர்ஷே 911 வைத்திருப்பவர்களில் பலருக்குச் சில வருடங்கள் கழித்து ஒரு யோசனை வருகிறது. இதை விற்றுவிட்டு, இதில் நாலில் ஒரு பங்கு விலைக்குச் சின்னதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டால் என்ன? அந்தச் சின்னக் கார் அநேகமாக மாஸ்டா எம்எக்ஸ்-5ஆகவே இருக்கும். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, இன்றுவரை நான்கு தலைமுறை கண்ட கார் அது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, முன்னால் எஞ்சின், உந்துவது பின்சக்கரங்கள், எடை ஒரு டன்னை ஒட்டி.

இது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். பெரிய காரிலிருந்து இறங்கி வந்து, முன்பைவிட அதிகமாகவும் ஆசையாகவும் ஓட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஆறே மாதத்தில் சின்னக் காரையும் விற்றுவிட்டு, மறுபடி ஒரு 911 தேடி அலைந்து, வாங்குவதிலும் விற்பதிலுமே பெரிய தொகையை இழப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் காரில் குறை இருக்காது. 911ஐ அளந்த அதே அளவுகோலால் இதையும் அளந்ததால் வரும் சிக்கல்தான் அது.

எதற்காக விற்கிறோம் என்று பார்க்காமல் விற்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "911 போதும்" என்று ஒருவர் சொல்வதற்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, பயம். கல் தெறித்து முன்பக்கப் பெயின்ட் போய்விடுமோ, சூப்பர்மார்க்கெட்டில் நிறுத்தினால் யாராவது கதவை இடித்துவிடுவார்களோ, மைல் ஏறினால் விலை இறங்கிவிடுமோ என்ற பயம். 911இன் பந்தயப் பாணி வகையான ஜிடி3 மாதிரி கார்களில் இந்தக் கடைசிப் பயம் நியாயமானதும்கூட. வாங்குபவர் முதலில் பார்ப்பதே மைல் கணக்கைத்தான். இப்படிப் பயந்து பயந்து காரைக் கராஜில் வைத்திருப்பவர்களுக்கு எம்எக்ஸ்-5 சரியான மருந்து. மழையில் எடுக்கலாம், ரயில் நிலையத்தில் நிறுத்தலாம், எண்பதாயிரம் மைல் ஓடிய காரில் இன்னும் ஐயாயிரம் சேர்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்று, நேரம் இல்லாமை. வேலை, பிள்ளைகள், வார இறுதியில் ஏதாவது ஒரு விசேஷம். 911 ஓடாமல் நிற்பதற்கு இதுதான் காரணம் என்றால் எம்எக்ஸ்-5உம் அப்படியே நிற்கும். கார் மாறினால் ஞாயிற்றுக்கிழமை நீளாது. இந்த நிலையில் இருப்பவர் விற்பதில் தப்பில்லை, ஆனால் அதற்குப் பதிலாக உடனே இன்னொன்று வாங்க வேண்டுமா என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, அந்தக் காரின் குணமே இனி பிடிக்கவில்லை என்பது. புதிய 911கள் அகலமாகிவிட்டன, அமைதியாகிவிட்டன. சாதாரண வேகத்தில் அவற்றுக்கு வேர்ப்பதே இல்லை. 992 என்ற குறியீட்டோடு 2019இல் வந்த தலைமுறையின் கரேரா எஸ் 450 குதிரைத்திறன் கொண்டது. பிரிட்டனில் ஊருக்கு வெளியே நடுத்தடுப்பு இல்லாத சாலைகளில் சட்டப்படி 60 மைல், மோட்டார்வேயில் 70. அந்த வரம்புக்குள் அந்தக் கார் தன் திறமையில் ஒரு துளியைத்தான் காட்ட முடியும். இந்தக் காரணத்துக்காக விற்பவருக்குத்தான் எம்எக்ஸ்-5 உண்மையில் பிறந்தது என்பேன். 50 மைலில் ஒரு வளைவில் திரும்பும்போதே டயர் என்ன செய்கிறது என்று இடுப்பில் தெரியும்.

அப்புறம், பலர் மறந்துவிடும் ஒன்று: பெரும்பாலான 911களுக்குப் பின்சீட் உண்டு. சின்னதுதான், பெரியவர்கள் உட்கார முடியாது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகலாம், பெட்டிகளை அடுக்கலாம். எம்எக்ஸ்-5இல் அது கிடையவே கிடையாது. இப்போதைய தலைமுறையின் டிக்கி 130 லிட்டர்தான், இருவர் இரண்டு நாள் போய்வரும் துணிக்குச் சரியாக இருக்கும். 911ஐ வீட்டில் எப்படியெல்லாம் பயன்படுத்தினீர்கள் என்று மனைவியிடமோ கணவரிடமோ கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைவில் வைத்திருப்பதைவிட அவர்கள் சொல்வதுதான் துல்லியமாக இருக்கும்.

சக்தியை வைத்து ஒப்பிடுவது

நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5, 2015இல் வந்தது. பிரிட்டனில் 1.5 லிட்டர், 2.0 லிட்டர் என இரண்டு எஞ்சின்களோடு விற்றார்கள். சிறியது 131 குதிரைத்திறன். பெரியது முதலில் 160, 2018க்குப் பிறகு 184. 911இலிருந்து வருபவர் யோசிக்காமல் பெரியதற்குத்தான் போவார். அது மோசமான தேர்வு இல்லை. 2018க்குப் பிந்தைய 2.0 எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை ஆசையாக ஏறும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குச் சக்தி போகச் செய்யும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் அதில் கிடைக்கும். ஆனால் காரணம் தவறு. 450இலிருந்து இறங்கி வருபவருக்கு 131க்கும் 184க்கும் உள்ள இடைவெளி, காகிதத்தில் தெரியும் அளவுக்குச் சாலையில் தெரியாது. இரண்டுமே அவருக்கு மெதுவான கார்தான். எனக்கு 1.5தான் பிடிக்கும். மூக்கு லேசாக இருக்கிறது, முழுச் சுழற்சிக்கும் விரட்டி ஓட்டினாலும் உரிமத்துக்கு ஆபத்து வருவது குறைவு. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. விற்பனையாளர் தரும் பதினைந்து நிமிடச் சுற்று இந்தக் காருக்குப் போதவே போதாது. முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முடுக்கினால் முதுகில் உதை இல்லை, கதவை அடைத்தால் 911இன் கனத்த சத்தம் இல்லை, வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்தச் சாய்வு வேண்டுமென்றே விட்டுவைத்தது. மாஸ்டா பொறியாளர்கள் ஸ்பிரிங்கை மென்மையாக வைத்து, எடை எந்தச் சக்கரத்துக்கு மாறுகிறது என்பதை ஓட்டுநர் உணரும்படி செய்திருக்கிறார்கள். அது பழகி, பிரேக்கை விடும் நேரத்தையும் ஸ்டீயரிங் திருப்பும் நேரத்தையும் நாமே பொருத்திக்கொள்ளத் தொடங்கும்போதுதான் கார் புரியும். அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். வாடகைக்குக் கிடைத்தால் ஒரு வார இறுதி எடுத்துக்கொள்வது நல்ல செலவு. கூரையை மூடி, மோட்டார்வேயில், முடிந்தால் மழையில் ஓட்டிப் பாருங்கள். 70 மைலில் கூரைக்குள் வரும் காற்றுச் சத்தம் தினமும் நூறு மைல் போய்வருபவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

உயரமானவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. நான்காம் தலைமுறையில் ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி 2018 மாற்றத்தோடுதான் வந்தது. அதற்கு முந்தைய காரில் முழங்காலுக்கு இடம் பார்த்தால் கைக்கு எட்டாது, கைக்கு எட்டினால் முழங்கால் இடிக்கும். உயரம் ஆறடியைத் தாண்டினால் 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையையும் பாருங்கள், அதில் இடம் கொஞ்சம் தாராளம்.

விலைக் குறைவைச் செலவுக் குறைவு என்று நினைப்பது

எம்எக்ஸ்-5 விலைக்கே இன்று போர்ஷேயின் இரட்டை இருக்கைக் காரான பாக்ஸ்டரும் பழையதாகக் கிடைக்கும், சில நேரம் பழைய 911கூடக் கிடைக்கும். "அதே பணத்துக்கு போர்ஷேயே கிடைக்கிறதே" என்று மனம் போகும் இடம் இதுதான். பாகங்களின் விலை, கார் இன்று விற்கும் விலையைப் பார்த்து இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது அது எந்த விலைக் காராக இருந்ததோ, அந்த விலைக்குத்தான் பிரேக்கும் ரேடியேட்டரும் கிளட்சும் வரும். 1996இல் வந்த முதல் பாக்ஸ்டர் (986 தலைமுறை), 1997இல் வந்த சாதாரண 911 (996 தலைமுறை) இரண்டிலும் எஞ்சினுக்குள் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் பலவீனம் என்பது ஊரறிந்தது. அந்த பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். முந்தைய உரிமையாளர் அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

லோட்டஸ் எலிஸும் இப்படித்தான். ஓட்டுவதற்கு அதைப்போல இன்னொன்று இல்லை, முதல் தலைமுறை முக்கால் டன்தான் இருக்கும். பின்னாளில் வந்தவற்றில் டொயோட்டா எஞ்சின் என்பதால் அந்தப் பக்கம் கவலை குறைவு. ஆனால் முன்பக்க உடல் முழுவதும் ஒரே ஃபைபர்கிளாஸ் துண்டு. பார்க்கிங்கில் வாங்கும் சின்ன இடிகூடப் பெரிய பில்லாகிவிடும். பயம் இல்லாமல் ஓட்டத்தான் 911ஐ விற்றீர்கள் என்றால், இங்கேயும் அதே பயம்தான் காத்திருக்கும்.

எம்எக்ஸ்-5 இந்த விஷயத்தில் உண்மையிலேயே சிக்கனமானது. 992 கரேரா எஸ்ஸின் பின் டயர் 305 மில்லிமீட்டர் அகலம், 21 அங்குலச் சக்கரம். 1.5 எம்எக்ஸ்-5க்கு 195 அகலம், 16 அங்குலம்; எந்த டயர் கடையிலும் இருக்கும் சாதாரண அளவு.

விற்கும் வாங்கும் கணக்கில் விட்டுப்போகும் விஷயங்கள்

911 பைனான்ஸில் இருந்தால் முதலில் கடன் கொடுத்தவரிடம் செட்டில்மென்ட் தொகையை, அதாவது கடனை முழுதாக முடிக்கக் கட்ட வேண்டியதை, எழுத்தில் வாங்குங்கள். பிசிபி, எச்பி என்ற இரண்டு வகைத் தவணைக் கடனிலும் கடைசித் தவணை தீரும்வரை கார் சட்டப்படி அவர்களுடையது. காரின் இன்றைய விலை அந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தால், வித்தியாசத்தைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அதைப் புதிய காரின் கடனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று டீலர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சின்னக் காருக்கு மாறுவதன் பலனே அதில் போய்விடும்.

திறந்த கார்களின் விலை வசந்தத்தில் ஏறி, நவம்பர் குளிரில் இறங்கும். 911ஐ ஏப்ரலில் விற்று, எம்எக்ஸ்-5ஐ நவம்பரில் வாங்க முடிந்தால் இரண்டு பக்கமும் லாபம், ஆனால் ஒரு கோடை முழுக்கக் கார் இல்லாமல் இருக்க வேண்டும். இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் பொதுவாக இரண்டு வருடம்வரை செல்லும் என்பதால் அந்த இடைவெளியால் அது போய்விடாது.

சாலை வரியில் நிச்சயமான மிச்சம் உண்டு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவாகி, பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடம் கூடுதல் வரி உண்டு. 992க்கு அது விழும், எம்எக்ஸ்-5க்கு விழாது. ஆனால் முதல் தலைமுறை 1.6 வாங்குபவர்கள் கவனிக்க: 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு வரி எஞ்சின் அளவை வைத்து, 1,549 சிசிக்கு மேல் போனால் அதிகக் கட்டணம். மாஸ்டாவின் 1.6 அந்தக் கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது, ஆனாலும் தாண்டுகிறது.

லண்டனில் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் நிறைய வசிக்கும் இடங்கள் எல்லாமே அதற்குள் வந்துவிட்டன. பெட்ரோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும், இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். தொண்ணூறுகளின் எம்எக்ஸ்-5 பெரும்பாலும் இதில் மாட்டும். வாங்கும் முன் லண்டன் போக்குவரத்துத் துறையான டிஎஃப்எல்லின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

பளபளப்பைப் பார்த்து வாங்குவது

911இல் துருவைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தவர் பழைய எம்எக்ஸ்-5க்கு வரும்போது பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு தலைமுறைகளின் முதல் எதிரி துருதான். கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னாலுள்ள வடிகால் குழாய்கள் வழியே கீழே போகும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள ‘சில்’ என்ற உள்ளீடற்ற தகட்டுப் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்க சேசிஸ் கால்களையும் (அடிச்சட்டத்தின் முன் நீட்டல்கள்) காரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருப்பதால் சும்மா குனிந்து பார்த்தால் தெரியாது. பிரிட்டன் சாலைகளில் குளிர்காலத்தில் போடும் உப்பு இதற்கெல்லாம் துணை.

அரசு தளத்தில் எம்ஓடி என்ற வருடாந்தரப் பரிசோதனையின் வரலாறு இலவசம். "துருப்பிடித்திருக்கிறது, அதிகமாக இல்லை" என்று நான்கு வருடம் தொடர்ந்து எழுதியிருந்துவிட்டு ஐந்தாம் வருடம் ஒன்றும் இல்லையென்றால், வெல்டிங் நடந்ததா, மேலே தாரைப் பூசி மறைத்தார்களா என்று கேளுங்கள். ஜப்பானிலிருந்து யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வந்த கார்கள் அடிப்பகுதி சுத்தமாக இருப்பது உண்டு. ஆனால் இங்கே வருவதற்கு முந்தைய வரலாறு எம்ஓடியில் இருக்காது, எல்லா இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அவற்றை எடுப்பதும் இல்லை.

மிச்சப் பணத்தைக் காரிலேயே கொட்டுவது

911 விற்ற பணம் கையில் இருக்கும்போது டர்போ கிட், உயரத்தை மாற்றக்கூடிய கோய்லோவர் சஸ்பென்ஷன், பெரிய பிரேக், பெரிய சக்கரம் என்று ஆசை வரிசையாக வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். எல்லாம் சேர்ந்ததும், 911இன் வேகத்தில் பாதியும் எம்எக்ஸ்-5இன் நளினத்தில் பாதியும் கொண்ட ஒரு கார் நிற்கும். போட்ட பணம் விற்கும்போது திரும்பி வருவதும் அரிது. ஒவ்வொரு மாற்றத்தையும் இன்சூரன்ஸில் சொல்லியாக வேண்டும் என்பது வேறு.

முதல் வருடம் மூன்று வேலைகள் போதும் என்பது என் கருத்து. எல்லா எண்ணெய்களையும் மாற்றுவது, நான்கு நல்ல டயர் போடுவது, வீல் அலைன்மென்ட். கடைசியதை இந்தக் காரில் அலட்சியம் செய்யக் கூடாது. நான்கு மூலையிலும் கோணத்தை மாற்றி அமைக்கும் வசதி உண்டு, சரியாக அமைத்தால் வேறு கார் மாதிரியே ஆகிவிடும். ஆனால் பழைய காரில் கோணத்தை மாற்றும் நீளமான போல்ட்கள் ரப்பர் புஷ்ஷுக்குள் இறுகிப் பிடித்துப்போயிருக்கும். சாதாரண டயர் கடைக்காரர் முன்சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பும் கோணமான டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார். எம்எக்ஸ்-5இல் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோய், போல்ட் சுற்றவில்லையென்றால் வெட்டியெடுத்துப் புதிது போடவும் சேர்த்தே விலை கேளுங்கள்.