ரான்சம்வேர் தாக்கின கம்ப்யூட்டர மீட்ட என் அனுபவம்

ரான்சம்வேர்னா ஃபைலையெல்லாம் லாக் பண்ணிட்டு, திறக்க பணம் கேக்கற புரோகிராம். என் கம்ப்யூட்டர்ல ஃபைல் பேருக்கெல்லாம் பின்னாடி புதுசா ஒரு எக்ஸ்டென்ஷன், ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். பார்த்ததும் நெட்டை துண்டிச்சேன், அதுதான் முதல் வேலை, ஏன்னா இது நெட்வொர்க்ல பக்கத்து மெஷினுக்கும் தாவும், 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் அப்படித்தான் உலகம் பூரா பரவுச்சு, இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் அதுக்கான பேட்ச்சை (ஓட்டையை அடைக்கற அப்டேட்) மார்ச்லயே குடுத்தாச்சு.

பணம் கட்டவே கட்டாதீங்க. கட்டினாலும் ஃபைல் திரும்ப வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

அப்புறம் வேற கம்ப்யூட்டர்ல நோ மோர் ரான்சம் சைட்டுக்கு போனேன், ஐரோப்பிய யூனியனோட போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சில செக்யூரிட்டி கம்பெனிகளோட சேந்து 2016ல ஆரம்பிச்சது, மிரட்டல் நோட்டையும் லாக் ஆன ஃபைல் ஒண்ணையும் ஏத்தினா எந்த வகைன்னு தேடி, டிக்ரிப்டர் (லாக்கை திறக்கற டூல்) இருந்தா இலவசமாவே தருவாங்க. என் வகைக்கு இல்ல. லாக் ஆன ஃபைல்களை ஒரு டிஸ்க்ல பத்திரப்படுத்திட்டேன், ஏன்னா அதைத் திறக்கற சாவி பின்னாடி வெளியாகறதும் உண்டு.

டிரைவை முழுசா ஃபார்மேட் பண்ணி, விண்டோஸ் புதுசா போட்டு, கழட்டி வச்சிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்து டேட்டாவ எடுத்தேன். கழட்டி வச்சதாலதான் அது தப்பிச்சுது, எப்பவும் சொருகியே இருக்கற பேக்கப்பையும் ரான்சம்வேர் லாக் பண்ணிடும். கடைசியா எல்லா பாஸ்வேர்டையும் மாத்தி, வெளியில இருந்து கம்ப்யூட்டரை இயக்க விடற ரிமோட் டெஸ்க்டாப்பை ஆஃப் பண்ணிட்டேன்.