பிகைல்: மயக்கும் சொல்லைப் பழகும் முறை

அகராதியைப் பார்த்த பிறகு குழப்பம் கூடிவிடும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. ‘பிகைல்’ அப்படி ஒன்று. ஒரு வரியில் ‘ஏமாற்று’ என்றிருக்கும், அடுத்த வரியில் ‘மகிழ்வி’ என்றிருக்கும். இரண்டுமே சரியான பொருள்தான். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, அதனால் பொறுமையாகவே போவோம்.

படி 1: உச்சரிப்பு

எழுத்துகள்: பி, இ, ஜி, யு, ஐ, எல், இ. ‘பஸ்’ஸில் வரும் ப, ‘காந்தி’யில் வரும் க. நடுவில் உள்ள ‘யு’வுக்கு ஒலி கிடையாது. ‘ஸ்மைல்’ போல முடியும். அழுத்தம் ‘கைல்’ மேல் விழ வேண்டும்.

படி 2: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

‘கைல்’ என்றால் கபடு, சூது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதே ‘கைல்’ ஒரு காலத்தில் ‘ஏமாற்று’ என்ற வினையாகவும் இருந்தது. அதற்கு முன்னால் ‘பி’ என்ற முன்னொட்டு (பி, இ என்ற இரண்டு எழுத்துகள்) சேர்ந்து ‘பிகைல்’ ஆனது. சூனியம் வைப்பதைக் குறித்த ‘விட்ச்’ என்ற பழைய வினை ‘பிவிட்ச்’ ஆனதும் இதே முறையில்தான்.

ஆக, தொடக்கத்தில் இது முழுக்க வஞ்சகச் சொல். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், பாம்பு தன்னை ‘பிகைல்ட்’ செய்தது என்று ஏவாள் சொல்கிறாள். தமிழ் பைபிளில் அந்த இடம் “சர்ப்பம் என்னை வஞ்சித்தது” என்றிருக்கும். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அங்கே ‘டிசீவ்ட்’ என்ற சொல் வந்துவிட்டது. காலப்போக்கில் ‘பிகைல்’ இனித்துப்போய்விட்டதால், வெறும் வஞ்சகத்தைச் சொல்ல அது போதவில்லை.

படி 3: தமிழில் ‘மயக்கு’ என்று பிடித்துக்கொள்ளுங்கள்

“பேச்சிலேயே ஆளை மயக்கிடுவான்” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது பாராட்டா, எச்சரிக்கையா? சொல்பவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ‘பிகைல்’ சொல்லும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வெறும் பொய் சொல்லி ஏமாற்றுவதற்கு இது பொருந்தாது. ஏமாறுபவருக்கு அந்த நேரத்தில் இனிக்க வேண்டும்.

படி 4: பக்கத்துச் சொல்லைக் கவனியுங்கள்

இந்தப் படிதான் முக்கியம். சொல்லுக்குப் பின்னால் ‘இன்டு’ வந்தால் ஏமாற்று. ‘ஹி பிகைல்ட் ஹெர் இன்டு சைனிங் த பேப்பர்ஸ்’: நயமாகப் பேசி அவளைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டான். ‘அவுட் ஆஃப்’ வந்தாலும் அப்படித்தான், ஆனால் அங்கே ஏதோ ஒன்று பறிபோயிருக்கும்: ‘ஹி பிகைல்ட் ஹிம் அவுட் ஆஃப் ஹிஸ் சேவிங்ஸ்.’

‘வித்’ வந்தால் பெரும்பாலும் இனிமை. ‘ஷி பிகைல்ட் த சில்ட்ரன் வித் ஸ்டோரீஸ்’ என்றால் கதை சொல்லிக் குழந்தைகளைக் கட்டிப்போட்டாள்.

நேரம் வந்தால் இன்னும் அழகு. ‘பிகைல் த டைம்’ என்றால் அலுப்புத் தெரியாமல் பொழுதைக் கழிப்பது. காலத்துக்கே போக்குக் காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமும் ‘பொழுதுபோக்கு’, ‘போக்குக் காட்டுதல்’ என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோமே!

படி 5: ‘பிகைலிங்’

இது பெயரடை, இன்று அதிகம் கண்ணில் படும் வடிவம். ‘அ பிகைலிங் ஸ்மைல்’ என்றால் சொக்க வைக்கும் சிரிப்பு. பாராட்டுத்தான், இருந்தாலும் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்ற சாயல் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் மட்டும் இந்தச் சொல் வேண்டாம். ‘உங்கள் நிறுவனம் என்னை பிகைல் செய்தது’ என்று எழுதினால், மயக்கி ஏமாற்றிவிட்டீர்கள் என்றும் படிக்கலாம். அங்கே ‘இம்ப்ரெஸ்ட்’ போதும். அன்றாடப் பேச்சிலும் ‘ட்ரிக்’, ‘சார்ம்’ என்பவைதான் இயல்பு. ‘பிகைல்’ எழுத்துக்கு உரிய சொல்.

படி 6: நீங்களே எழுதுங்கள்

மூன்று வாக்கியம் போதும்: ‘இன்டு’ வைத்து ஒன்று, ‘வித்’ வைத்து ஒன்று, ‘பிகைலிங்’ வைத்து ஒன்று. எழுதியதும் ஒவ்வொன்றிலும் ‘மயக்கு’ என்று போட்டுத் தமிழில் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் வாக்கியம் சரி. அப்புறம், கூடவே ‘கைல்லெஸ்’ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கபடமில்லாத மனிதரை அப்படிச் சொல்வார்கள்.