லாக் காணோம் என்று கம்ப்யூட்டர் சொன்னால்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரியில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, லாக்கு செத்துப்போச்சுண்ணா. ஸ்கேனர் சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது." பேசுவது ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப் பையனாக இருப்பான். தேயிலை மூட்டை ஏற்றும் பிக்கப் ஒன்று பானெட்டைத் திறந்தபடி அவன் பின்னால் நிற்கும்.

லாக் என்பது பென் டிரைவ் போல இருக்கும் லைசென்ஸ் டாங்கிள்தான். வண்டியைச் சோதிக்கும் சாஃப்ட்வேர் திறக்கும்போது அதற்குள் இருக்கும் சிப்பிடம் ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால்தான் வழிவிடும். நான் பார்த்தவரை லாக் உண்மையிலேயே செத்துப்போனது அபூர்வம். பெரும்பாலும் கேள்வி அதன் காதுவரை போவதே இல்லை. எங்கே நின்றுபோகிறது என்று வெளியிலிருந்து உள்ளே தேடிக்கொண்டு போகலாம்.

முதலில் விளக்கைப் பாருங்கள். ஹாஸ்ப் என்ற பெயரில் வரும் லாக்குகளில், டிரைவர், அதாவது லாக்கைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் சிறு மென்பொருள், சரியாக ஏறியிருந்தால் சிறு விளக்கு எரியும். எரியவில்லையா? கழற்றி முனையைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் தகடு கறுத்துப்போயிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். ஹப், நீட்டிப்பு ஒயர் எதுவும் வேண்டாம். டெஸ்க்டாப் என்றால் பெட்டியின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். பழைய லாக்குக்கு நீலப் போர்ட்டைவிடக் கறுப்புப் போர்ட் ஒத்துப்போகும்.

அடுத்து, கம்ப்யூட்டரில் இணைந்திருப்பவை பட்டியலாகத் தெரியும் டிவைஸ் மேனேஜர். மை கம்ப்யூட்டர் (புது விண்டோஸில் திஸ் பிசி) மேல் ரைட் கிளிக் செய்து மேனேஜ் போனால் கிடைக்கும். மஞ்சள் குறி இருந்தால் அதை இரட்டை கிளிக் செய்து கோட் எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 52 என்றால் டிரைவர் இருக்கிறது, அதன் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் நம்பவில்லை. விண்டோஸ் 7-இல் இது அடிக்கடி வரும். புது வகைக் கையெழுத்தைப் படிக்க வைக்க 2019-இல் மைக்ரோசாஃப்ட் விட்ட எஸ்.ஹெச்.ஏ-2 அப்டேட்டைப் போட்டால் பெரும்பாலும் தீரும். எக்ஸ்பி என்றால் புது டிரைவரைத் தேடி அலையாதீர்கள், சாஃப்ட்வேரோடு வந்த சிடியில் இருப்பதே போதும். டிரைவர் போடும்போது லாக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், முடிந்த பிறகு செருகுங்கள். பலர் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விளக்கு எரிகிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால், அதே மேனேஜ் ஜன்னலில் சர்வீசஸ் போய் லாக்கோடு பேசும் லைசென்ஸ் மேனேஜர் பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள். ஆன்டிவைரஸ் அதை அமுக்கி வைப்பதும் உண்டு. சென்டினல் லாக்காக இருந்தால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், கோலன், 1947 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். சுதந்திரம் வாங்கிய வருஷம், மறக்காது. வரும் பக்கத்தில் லாக்கின் பெயர் தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது.

அப்புறம் தேதி. இதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காலையில் மட்டும் சாஃப்ட்வேர் அடம்பிடிக்கும், மதியம் சரியாகிவிடும். மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். நான்காம் நாள் காலையில் போய்த் திரையின் மூலையைப் பார்த்தால் 2009 ஜனவரி 1. மின்னலுக்குப் பயந்து முதலாளி தினமும் இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் செல் தீர்ந்துபோனதால் கடிகாரமும் அதோடு தூங்கிவிடும். வருடச் சந்தா லைசென்ஸ், 2009-இல் அது பிறக்கவே இல்லை! நெட் வந்ததும் நேரம் தானாகத் திருந்தும், அதுதான் மதிய அதிசயம். புது செல் மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டும். உங்களுடையது 2.5-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். தேதியை நீங்களே பின்னுக்குத் தள்ளிப் பார்க்காதீர்கள், சில லாக்குகள் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும்.

லேப்டாப்பில் அரைமணி நேரம் ஓடிய பிறகு லாக் காணாமல் போகிறதா? டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து யாராவது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்து உதவினால், பல லாக்குகள் அதற்கே வாயை மூடிக்கொள்ளும். எதிரில் உட்கார்ந்து ஒருமுறை திறந்து பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அசையவில்லை என்றால், அதே டிரைவர் போட்ட வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். அங்கேயும் இருட்டுதான் என்றால், சரி, இந்த முறை பையன் சொன்னது உண்மை. விற்றவரிடம் பேசுங்கள். ஆனால் செத்த லாக்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பழையதைக் கையில் கொடுத்தால் மாற்று லாக் கேட்கலாம், தொலைத்துவிட்டேன் என்றால் புது லைசென்ஸ் வாங்கச் சொல்லிவிடுவார்கள்.