படி தட்டாத காற்று: மாருதி 800 இன்டேக் மேனிபோல்டை நீங்களே அராவிச் சீர்செய்யலாம்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளின் முகப்பில் இன்னமும் பழைய மாருதி 800 நிற்பதைப் பார்க்கலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முன்னோர் வழிபாடான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வரும்போது வெளியே எடுத்து ஓட்டுவார்கள். இரண்டாம் நாளே, “வண்டி இழுக்கவே இல்லையே, ஏதாவது செய்ய முடியுமா?” என்று பட்டறைக்கு வந்துவிடுவார்கள். செய்ய முடிந்தவற்றில் அதிகப் பணம் கேட்காத, பொறுமையை மட்டும் கேட்கிற வேலை ஒன்று உண்டு. காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழல் தொகுதியான இன்டேக் மேனிபோல்டின், கம்பெனியில் வார்த்தபடி வந்த உள்வழியை அராவி, காற்று தடையின்றிப் போகும்படி செய்வது. பட்டறைகளில் இதைப் போர்ட்டிங் என்பார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 796 சிசி கொண்ட இந்த மூன்று சிலிண்டர் என்ஜின் கார்புரேட்டருடன் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி) வந்தபோது அதன் திறன் 40 குதிரைத் திறனைக்கூடத் தொடவில்லை. மேனிபோல்டை மட்டும் சீர்செய்தால் அது பந்தய வண்டி ஆகிவிடாது. மேல் வேகத்தில் கொஞ்சம் தாராளமாக மூச்சு விடும், மூன்று சிலிண்டர்களும் ஒரே சீராக வேலை செய்யும். அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இரண்டாவது லாபம்தான் பெரியது.

ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, வால்வு இடைவெளி சரியா, இக்னிஷன் டைமிங் சரியா, மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒரே அளவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இவற்றில் குறை இருக்கும்போது மேனிபோல்டை அராவுவது, கூரை ஒழுகும்போது தரைக்குக் கல் பதிப்பது போன்றது.

காற்று எங்கே இடறுகிறது?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால் காற்றை உள்ளே விடும் ஒவ்வொரு இன்டேக் வால்வும் நிமிடத்துக்கு 2,500 முறை, அதாவது விநாடிக்கு நாற்பது முறைக்கு மேல் திறந்து மூடும். கணக்குப்படி 796 சிசியை 2,500-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். நடைமுறையில் அவ்வளவு போவதில்லை. போகாததற்குப் பல காரணங்கள் உண்டு. நம் கைக்கு எட்டுகிற காரணம் ஒன்றுதான்: மேனிபோல்டும், சிலிண்டர்களுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் இருக்கும் படி.

செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி அடுத்த தெருவில் இருக்கும் பின்வாசல் வரை கண் நேராகப் போகும். நிலைகள் ஒரே கோட்டில் இருப்பதால்தான் சித்திரை வெயிலிலும் உள்ளே காற்று நடமாடுகிறது. இடையில் ஒரு நிலையை மட்டும் அரை அடி தள்ளி வைத்தால் எப்படி இருக்கும்? வார்ப்பில் வந்த மேனிபோல்டு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. மேனிபோல்டின் துளை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், ஹெட்டின் துளை இன்னொரு பக்கம் ஒதுங்கியிருக்கும், நடுவில் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு தன் விளிம்பை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்.

படிகளில் இரண்டு வகை உண்டு. குறுகிய வழியிலிருந்து அகன்ற வழிக்குக் காற்று இறங்கும் படியால் பெரிய கெடுதல் இல்லை. அகன்ற வழியில் வரும் காற்றின் முகத்தில் அறைவது போல எதிரே நிற்கும் படிதான் கெட்டது. எனவே மேனிபோல்டின் வாய் ஹெட்டின் வாயைவிட மயிரிழையளவு சிறியதாகவே இருக்கட்டும். இதை மறந்து பெரிதாக்கிவிட்டால், இருந்த வண்டியையும் கெடுத்ததாகத்தான் முடியும்.

வாங்க வேண்டியவை

வண்டியில் இருக்கும் மேனிபோல்டைத் தொடாதீர்கள். காயலான் கடையில் அதே மாடலின் பழைய மேனிபோல்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மாருதி 800 உற்பத்தி 1983-இல் தொடங்கி 2014-இல் நின்றது. இத்தனை வருட வண்டிகள் இருப்பதால் கிடைப்பது கடினமில்லை. ஆனால் கார்புரேட்டர் வண்டியின் மேனிபோல்டும் பின்னால் வந்த பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியின் மேனிபோல்டும் வேறு வேறு. இந்த விளக்கம் கார்புரேட்டர் வண்டிக்கானது.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டை கிரைண்டர் வேண்டும். அதில் மாட்ட, அலுமினியத்துக்கென்றே விற்கும் அகலப் பல் கொண்ட கார்பைடு பர் (சுழன்று வெட்டும் முனை) ஒன்று. இரும்புக்கான நெருக்கப் பல் பர்ரிலும் சாணைக் கல்லிலும் அலுமினியம் அப்பிக்கொள்ளும், பத்தே நிமிடத்தில் கருவி வழுக்க ஆரம்பித்துவிடும். 60, 80 எண் உப்புத்தாள், அரை வட்ட அரம், வெர்னியர், கூரான கீறுகோல், மாட்டுவதற்குப் புதிய கேஸ்கட், அளவு எடுக்கத் தடித்த காகிதம், கொஞ்சம் மண்ணெண்ணெய். கண்ணாடியும் முகக் கவசமும் கட்டாயம். அலுமினியத் தூள் கண்ணில் விழுந்தால் அன்றைய வேலை ஆஸ்பத்திரியில்தான் தொடரும்.

கழற்றுவது

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இந்த மேனிபோல்டுக்குள் என்ஜினின் சுடுநீர் ஓடும் வழியும் இருப்பதால், ரேடியேட்டர் தண்ணீரை முதலில் வடித்துவிட வேண்டும். பிறகு பெட்ரோல் குழாய், வேக்குவம் குழாய்கள், கார்புரேட்டர். ஒவ்வொரு குழாயிலும் டேப் ஒட்டி எண் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். மேனிபோல்டு வெளியே வந்த அடுத்த நொடி, ஹெட்டின் மூன்று துளைகளிலும் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

குறி வைப்பது: அவசரப்படக் கூடாத இடம்

பெரும்பாலானவர்கள் கேஸ்கட்டை மேனிபோல்டின் மேல் வைத்து, அதன் துளையைச் சுற்றிக் கோடு போட்டு, கோடு வரை அராவிவிடுவார்கள். அது தவறு. கேஸ்கட்டின் துளை பல நேரங்களில் ஹெட்டின் துளையைவிடப் பெரிதாக இருக்கும். மேனிபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் (திருகுத் தண்டு) ஓட்டைகளில் ஆட்டமும் இருப்பதால், அது ஒரு மில்லிமீட்டர் அங்கும் இங்கும் நகரும்.

நான் செய்வது இது. தடித்த காகிதம் ஒன்றில் ஸ்டட் ஓட்டைகளை மட்டும் இறுக்கமாக வெட்டி ஹெட்டின் மேல் மாட்டுவேன். விரல் நுனியில் கிரீஸ் தொட்டு, துளைகளின் விளிம்பு வழியாக மெல்லத் தேய்ப்பேன். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போல, ஹெட்டின் மூன்று வாய்களும் காகிதத்தில் தெளிவாகப் பதிந்துவிடும். அந்தக் கோட்டில் கூரான கத்தியால் வெட்டினால் அளவுத் தாள் தயார்.

கழற்றுவதற்கு முன், காகிதத்தில் கிரீஸ் தேய்த்த முகத்தில் “மேனிபோல்டு பக்கம்” என்று எழுதிவிடுங்கள். மேனிபோல்டின் மேல் அந்த முகம்தான் குப்புறப் படிய வேண்டும். ஆத்தங்குடிக் கல் ஊற்றுபவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. பூவின் முகம் கண்ணாடியில் குப்புறக் கிடக்க, அவர்கள் முதுகுப் பக்கமாகத்தான் வண்ணம் ஊற்றுகிறார்கள். நமக்குப் பழக்கமில்லாததால் திருப்பி வைத்துவிடுவோம். நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். மூன்று துளைகளும் கச்சிதமாகத் தப்பான பக்கத்தில் அகன்றிருந்தன.

இப்போது மேனிபோல்டின் முகத்தில் கறுப்பு மார்க்கரைப் பூசி, அளவுத் தாளை அதன் ஸ்டட் ஓட்டைகளோடு பொருத்தி, துளைகளைச் சுற்றிக் கீறுங்கள். கறுப்பில் வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரியும். கோட்டுக்கு உள்ளே பிறைநிலா போல ஒரு பக்கம் மட்டும் உலோகம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பிறைதான் நாம் எடுக்கப் போவது. ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் கையை நிறுத்தி, சுவரின் தடிமனை அளந்துவிட்டு முடிவெடுங்கள். சுடுநீர் வழி இருக்கும் பக்கம் சுவர் மெல்லியது. அங்கே ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும்.

ஹெட்டின் வாய் மேனிபோல்டின் வாயைவிடச் சிறியதாக இருந்தால் அந்தப் படியை இப்போது தொடாதீர்கள். ஹெட் என்ஜினில் இருக்கும்போது அங்கே அராவினால் தூள் நேராக வால்வுக்கும் சிலிண்டருக்கும் போகும். ஹெட்டைக் கழற்றும் நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அராவுவது

மேனிபோல்டை மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து வைசில் பிடியுங்கள். பர்ரை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டு, கிரைண்டரை நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். ஓரிடத்தில் நிறுத்தாமல் விளிம்பைச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடி நின்றாலும் குழி விழும். அந்தக் குழியைச் சமன்செய்ய மற்ற இடத்தையெல்லாம் இறக்க வேண்டிவரும். கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளேயே கிரைண்டரை நிறுத்திவிட்டு, மிச்சத்தை, கோட்டுக்கு மயிரிழை உள்ளேயே நிற்கும்படி, அரத்தால் முடியுங்கள். அரம் மெதுவாகப் போகும், ஆனால் ஏமாற்றாது.

விளிம்பை மட்டும் அகலப்படுத்திவிட்டு விட்டால் உள்ளே ஒரு புதிய படி உருவாகும். எனவே வாயிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் உள்ளே வரை, புனல் போலச் சரிவாகக் கலந்துவிடுங்கள். குழலுக்குள் டார்ச் அடித்தால் நீளவாக்கில் வார்ப்பு வரி ஒன்று முதுகெலும்பு போல ஓடுவதும், அங்கங்கே பிசிறு நிற்பதும் தெரியும். அவற்றை மட்டும் எடுங்கள். குழலின் குறுக்களவைப் பெரிதாக்க வேண்டாம். வழி அகன்றால் குறைந்த வேகத்தில் காற்றின் ஓட்டம் மந்தமாகிவிடும். பெரிய கடைத்தெருவில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போதுதான் அது தெரியும்.

மூன்று குழல்களிலும் ஒரே அளவு வேலை நடக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட, மூன்றிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வெர்னியரால் ஒப்பிட்டுக்கொண்டே போவது நல்லது.

பளபளப்பு வேண்டாம்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சங்கடம். சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சுவரில் முகம் தெரிய வைத்த ஊர் இது. தொட்டால் வழுக்க வேண்டும் என்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. நான் செய்த முதல் மேனிபோல்டையும் அப்படித்தான் தேய்த்தேன். 400 எண் தாள், 800 எண் தாள், கடைசியில் பாலிஷ் மெழுகு. ஆச்சி ஒருவரின் வெள்ளை மாருதிக்கு அதை மாட்டிக் கொடுத்தேன். மார்கழியில் ஒருநாள் விடியற்காலை பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பியவர், தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி மூன்று முறை நின்றுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். பிளக்குகளைக் கழற்றினால் மூன்றும் கரி பிடித்து ஈரமாக இருந்தன.

லேத் பட்டறை அண்ணனிடம் மேனிபோல்டைக் காட்டினேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். “அழகாகத்தான் இருக்கிறது தம்பி. இதில் யார் முகம் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். 80 எண் உப்புத்தாளைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்தே மேனிபோல்டு வழியாகப் போகின்றன. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஈரமாகப் படியும். சுவர் கண்ணாடி போல இருந்தால் அந்த ஈரம் ஒட்டிக்கொண்டு ஓடையாக வழியும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் காற்று அதை மறுபடி துளியாக்கி எடுத்துச் செல்ல வசதியாக இருக்கும். அதனால் 60-இல் தொடங்கி 80-இல் நிறுத்திவிடுங்கள். உப்புத்தாளைப் பிளந்த குச்சியில் சுருட்டி கிரைண்டரில் மாட்டினால் வளைவுக்குள்ளும் போகும். விரலை விட்டுத் தடவினால் படி எதுவும் தட்டக் கூடாது. பூனை நாக்கு போன்ற சொரசொரப்பு மட்டும் இருக்க வேண்டும்.

கார்புரேட்டர் உட்காரும் மேல் வாயிலும் இதே முறையில் கேஸ்கட்டின் நீட்டலை மட்டும் சரிசெய்தால் போதும்.

கழுவுவது, மாட்டுவது

மண்ணெண்ணெயில் ஒரு முறை, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, காற்று அடித்து உலர்த்துங்கள். வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி ஒவ்வொரு குழலிலும் விட்டு இழுங்கள். துணியில் ஒரு மினுக்கு தெரிந்தாலும் மறுபடி கழுவுங்கள். அந்த மினுக்குதான் நாளை சிலிண்டர் சுவரில் கீறலாக இருக்கும். சுடுநீர் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். குழலுக்குள் ஈரம் கசிந்தால் அந்த மேனிபோல்டு காயலான் கடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

ஹெட்டில் அடைத்த துணிகளை எடுக்க மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், மறந்தவர்கள் உண்டு. புதிய கேஸ்கட்டைப் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு மூன்று சுற்றாக, சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் வரை ஓடவிடுங்கள்.

ஐட்லிங்கில் ஓடும்போது மேனிபோல்டு இணைப்பின் மேல் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். என்ஜின் சத்தம் மாறினால் அங்கே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது என்று பொருள். இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள்.

காற்றோட்டம் மாறியிருப்பதால் கார்புரேட்டரின் ஐட்லிங் கலவையை மறுபடி சரிசெய்து, புகைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பலன் தெரிய வேண்டுமானால் வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில், மூன்றாவது கியரில் 40-இலிருந்து 60 கிலோமீட்டர் வேகம் எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குன்றக்குடிச் சாலையில் அதிகாலையில் நான் அப்படித்தான் பார்ப்பேன். “நன்றாக இழுக்கிறது போலிருக்கிறது” என்ற நினைப்பை நம்பாதீர்கள், அது நாம் செலவழித்த உழைப்பின் குரல்.

500 கிலோமீட்டர் ஓடியபின், ஆறிய என்ஜினில் நட்டுகளை ஒரு முறை பாருங்கள். பிளக்குகளையும் கழற்றுங்கள். மூன்றும் ஒரே போல இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால், காயலான் கடையில் வாங்கிய மேனிபோல்டு வண்டியிலேயே இருக்கட்டும். பழையதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடலாம்.