மலை ஏறும்போது இன்ஜின் தட்டுதா? ஈஜிஆரைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

செங்கோட்டையில் இருந்து புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம். லாரிக்குப் பின்னால் வேகம் செத்துப்போய், மூன்றாம் கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினால், பானெட்டுக்குள் யாரோ தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவார்கள். அதுதான் நாக்கிங்.

என் பழைய பெட்ரோல் கார் டர்போ இல்லாதது. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். (அங்கே ‘வண்டி வலிக்குன்னில்லா’ என்றால் வலி இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள், இழுக்கவில்லை என்று அர்த்தம்.) ஈஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) வழியை ஒரு தகடு வைத்து அடைத்தார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்தார்கள். ‘இனி பறக்கும்’ என்றார்கள். பறக்கவில்லை. அதுவரை ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம், தென்காசி ரோட்டில் அறுபதில் நிதானமாகப் போகும்போதும் கேட்க ஆரம்பித்தது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து வரிசையாகப் பரவ வேண்டும். மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே பற்றிக்கொண்டால் ‘டிக்’ என்று அடிக்கும். ஈஜிஆர், எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுகிறது. அது மறுபடி எரியாது, சூட்டை வாங்கிக்கொள்ளும். நைட்ரஜன் ஆக்சைடு குறைவதும் அதனால்தான். புகை கலந்தால் கலவை மெதுவாக எரியும் என்பதால், இசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பொறியை முன்கூட்டியே விடுகிறது. தகடு வைத்த பிறகு புகை வருவதில்லை, பொறி மட்டும் பழைய கணக்கிலேயே முந்திக்கொள்கிறது. தட்டாமல் என்ன செய்யும்? இத்தனைக்கும் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கும்போது ஈஜிஆர் வால்வு பொதுவாகத் தானே மூடிக்கொள்ளும். அப்புறம் அதை அடைத்து எந்தப் பிக்கப்பைப் பிடிப்பது? சுஸுகியே தன் கே12என் டூயல்ஜெட் இன்ஜினில் கூல்டு ஈஜிஆர் (புகையைக் குளிர்வித்து உள்ளே விடுவது) வைத்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: சத்தத்தை உறுதி செய்யுங்கள். பாறைச் சுவரோ தடுப்புச் சுவரோ ஒட்டிய ஏற்றத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டதும் நின்றால் நாக்கிங். ஐடிலிங்கிலும் சன்னமாகத் தட்டினால் வால்வை இயக்கும் டாப்பெட்டாக இருக்கலாம். ‘தொம் தொம்’ என்று கனமாக அடித்தால் பேரிங். வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 2: ஒரு கியர் குறையுங்கள். சிரிக்காதீர்கள். கியர் மாற்ற சோம்பல்பட்டு இன்ஜினைத் திணற விடுவதே நம்மில் பலருக்கு நோய்.

படி 3: ஒரு முறை 95 ஆக்டேனோ (தானே பற்றாமல் தாங்கும் அளவு) அதற்கு மேலோ உள்ள பெட்ரோல் போட்டுப் பாருங்கள். சத்தம் போனால் மருந்து கிடைத்தது என்று நினைக்காதீர்கள், நோய் எந்தப் பக்கம் என்றுதான் தெரிந்திருக்கிறது: உள்ளே கார்பன், அல்லது சூடு, அல்லது டைமிங் (பொறி விடும் நேரம்).

படி 4: இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள். ரேடியேட்டர் முன்னால் சருகு அடைத்திருந்தால் எடுங்கள்.

படி 5: பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியது போல நுண்ணிய புள்ளிகள் தெரிந்தால், நாக்கிங் ரொம்ப நாளாக நடக்கிறது. என் நான்கு பிளக்கில் மூன்றில் இருந்தது. ஒன்றில் பொடி வெள்ளியாக மினுங்கியது. அது பிஸ்டனின் அலுமினியம். அன்று ராத்திரி தூக்கமில்லை.

படி 6: 2013க்குப் பிறகு வந்த வண்டி என்றால் வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் போதும். பி0401 என்றால் ஈஜிஆரில் புகை போதவில்லை, பி0325 என்றால் நாக்கிங்கை உணரும் நாக் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு, பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பெட்ரோல் குறைந்தாலும் தட்டும். நாக் சென்சார் போல்ட்டைக் கை போன போக்கில் முறுக்காதீர்கள். பல வண்டிகளில் 20 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, டார்க் ரெஞ்ச் வேண்டும்.

படி 7: ஈஜிஆரைச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஆறிய இன்ஜினில் வால்வைக் கழற்றுங்கள். ஊசிமுனை உட்காரும் இடத்தில் கரி கெட்டியாகப் படிந்திருக்கும். கார்பன் கிளீனர் அடித்து ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். மோட்டார் இருக்கும் பக்கத்தை நனைக்க வேண்டாம். மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) உள்ள துளையையும் பாருங்கள், அடைப்பு அங்கேதான் அதிகம். புது கேஸ்கெட் போட்டு மாட்டுங்கள்.

படி 8: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் சூடான புகை வெளியேறாமல் சிலிண்டரில் தங்கும், அதனாலும் தட்டும். முன் ஆக்சிஜன் சென்சார் துளையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு. அப்போதும் செய்ய வேண்டியது புதிது மாற்றுவதுதான், குழாய் வைப்பது அல்ல. பழையதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள், உள்ளே இருப்பது பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும். குழாய் வைத்த என் வண்டி புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடில் தோற்றது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இல் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அந்தச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை, ஈஜிஆரை அடைத்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்பார்கள். பிஸ்டனுக்குத் தெரியும்.

கடைசியாக, அதே ஏற்றம், அதே கியர், அதே ஆள் எண்ணிக்கையோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள். தகட்டை எடுத்து, புது கன்வெர்ட்டர் போட்ட பிறகு என் வண்டியில் சுவரில் பட்டு வருவது டயர் சத்தம் மட்டும்தான். உங்களுக்கு இன்னும் தட்டினால், கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுக்கச் சொல்லுங்கள். நான்கில் ஒரு சிலிண்டர் மட்டும் எகிறி நின்றால், அங்கே கரி ஏறியிருக்கிறது.