பழைய மோரிஸ் மைனர் காரின் அடிப்பாகத்துக்கு நான் தேர்ந்தெடுத்த பூச்சுகள்

சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மணல் பீய்ச்சித் துரு நீக்கிய இரும்பு அன்றே பழுப்பேறத் தொடங்கிவிடும். அதனால் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களை மழையில்லாத ஒரு காலையில் காக்கி புக்கிட் பட்டறையில் பீய்ச்சி, மதியத்துக்குள் எபாக்ஸி பிரைமர் என்ற பிசின் அடிப்பூச்சை அடித்துவிட்டோம்.

வண்ணத்தூளைப் படியவைத்துச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் பார்க்க அழகுதான். ஆனால் கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்தால் ஈரம் அடியில் புகுந்து, வெளியே தெரியாமலே துரு பரவும். முன்பு யாரோ பவுடர் கோட்டிங் செய்திருந்த சஸ்பென்ஷன் கீழ்க்கை ஒன்றின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வெயிலில் கருகிய தோல் மாதிரி உரிந்து வந்தது, அடியில் செந்தூள். அப்புறம் யோசிக்கவே இல்லை: எபாக்ஸி, அதற்குமேல் பாலியூரிதேன் மேற்பூச்சு.

போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் சரி, மரை அடைபடாது. அதிக வலுவுள்ள எஃகு போல்ட் என்றால் கவனம் தேவை. சுத்தம் செய்யும் அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, இறுக்கியபின் திடீரென முறியலாம். அந்த ஹைட்ரஜன் வெளியேற, முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சூடேற்றுவார்களா என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்கினேன். காசு மிச்சம் பார்க்கும் இடமா அது!

கடைசியாக, காரின் அடிப்பாகத்தில் உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு பீய்ச்சி, நீர் வடியும் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்துவைத்தேன்.