ஹீட்டிங் ஓடவில்லையா? கரண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பிரிட்டனில் சுடுதண்ணீர் சிலிண்டர் வைத்த பல வீடுகளில் இருப்பது 'எஸ்-பிளான்' வயரிங். ஹீட்டிங்குக்கு (வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு) ஒரு மோட்டார் வால்வு, சுடுதண்ணீருக்கு இன்னொன்று. இந்தப் பதிவு அந்த அமைப்புக்கு மட்டும்தான்.

முதலில் கரண்ட் போகும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். டைமரில் கிளம்பி, அறைத் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, ஹீட்டிங் வால்வின் பிரவுன் வயருக்கு வருகிறது. மோட்டார் சுற்றி வால்வு திறந்ததும் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் அழுந்துகிறது. சாம்பல் நிற வயரில் எப்போதும் காத்திருக்கும் 230 வோல்ட்டை அந்த சுவிட்ச்தான் ஆரஞ்சு வயருக்குத் தருகிறது. ஆரஞ்சுக்கு வந்த பிறகுதான் பாய்லருக்கே உத்தரவு போகும். இந்த வரிசையில் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

1. எதையும் திறக்காமல் பார்க்க வேண்டியவை

சுடுதண்ணீரை மட்டும் ஓட விடுங்கள். பாய்லர் பற்றிக்கொண்டு சிலிண்டர் தண்ணீரும் சுட்டால் பியூஸ், பம்பு, பாய்லர் எல்லாம் சரி. கோளாறு ஹீட்டிங் கிளையில்தான். (சிலிண்டருக்குள் இருக்கும் மின்சார இம்மர்ஷன் ஹீட்டரில் சுட்ட தண்ணீரை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.)

அப்புறம் தெர்மோஸ்டாட்டை 25 டிகிரிக்கு ஏற்றுங்கள். வயர்லெஸ் மாடல் என்றால் பேட்டரியை மாற்றுங்கள். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகார நேரம் மாறியபோது டைமரைத் திருத்தினீர்களா என்றும் பாருங்கள். சுடுதண்ணீரும் வரவில்லை என்றால், சுவரில் ஹீட்டிங்குக்கென்று இருக்கும் ஸ்பர் சுவிட்சின் (பியூஸோடு சேர்ந்த தனி சுவிட்ச்) பியூஸைச் சோதியுங்கள். அங்கே பொதுவாக இருக்க வேண்டியது 3 ஆம்பியர். கைக்குக் கிடைத்தது என்று 13 ஆம்பியரைச் சொருகாதீர்கள். புதுசும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

2. வால்வு லீவர்

சிலிண்டர் அருகே ஹீட்டிங் வால்வின் உலோகப் பெட்டியில் ஒரு சின்ன லீவர் இருக்கும். அது 'மேனுவல்' பக்கம் மாட்டியிருந்தால் விடுவித்துவிடுங்கள். ஹீட்டிங்கை ஆன் செய்து அரை நிமிடம் பொறுத்து லீவரை விரலால் தள்ளிப் பாருங்கள்.

தடையே இல்லாமல் தொளதொள என்று ஆடினால் மோட்டார் வால்வைத் திறந்துவிட்டது. சுடுதண்ணீருக்குப் பற்றும் பாய்லர் இதற்குப் பற்றவில்லை என்றால் சந்தேகம் நேராக அந்தச் சின்ன சுவிட்ச் மேலோ, ஆரஞ்சு வயர் மேலோதான். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளினால் மோட்டார் அசையவில்லை: பிரவுனுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது மோட்டார் போய்விட்டது. மூடியைத் திறக்காமல் இவ்வளவு சொல்லும் சோதனை வேறு எனக்குத் தெரியாது.

3. மெயினை நிறுத்துங்கள்

இங்கேதான் புதியவர்களுக்கு ஆபத்து. டைமரை ஆஃப் செய்தாலும் சாம்பல் வயரில் 230 வோல்ட் இருக்கும். ஸ்பரை ஆஃப் செய்து, பியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டரை, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் சோதித்து, வயர்கள் எல்லாம் சேரும் வயரிங் பெட்டியின் எல்லா முனைகளிலும் வைத்துப் பார்த்து, திரும்பவும் முதல் இடத்தில் சோதியுங்கள். இதில் தயக்கம் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

4. மீட்டர் சோதனை

கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். திருகு தளர்ந்து வயர் கையோடு வருவது அடிக்கடி நடப்பதுதான். நிறத்தை அப்படியே நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் நீல வயர் பல வீடுகளில் நியூட்ரல் அல்ல, திரும்பி வரும் லைவ். அதற்குப் பிரவுன் உறை போட வேண்டும், பலர் போடுவதில்லை. 2006-க்கு முந்தைய வீடு என்றால் சிவப்பு, கறுப்பு வயர்களும் இருக்கலாம்.

மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வையுங்கள். சாதாரணத் திருகு தெர்மோஸ்டாட் என்றால் அதன் வயர்களைக் கழற்றிவிட்டு, சூட்டைக் கூட்டினால் பூஜ்யத்தை ஒட்டியும், குறைத்தால் இணைப்பே இல்லை என்றும் காட்ட வேண்டும். வால்வின் பிரவுனைக் கழற்றி, பிரவுனுக்கும் நீலத்துக்கும் நடுவே பாருங்கள்: சில ஆயிரம் ஓம் என்றால் மோட்டார் சுருள் உயிரோடு இருக்கிறது, எதுவும் காட்டாவிட்டால் எரிந்துவிட்டது.

ஆஃப் செய்தும் பாய்லர் நிற்காத வீடுகளுக்கு இன்னொரு சோதனை. வால்வு மூடிய நிலையில், கழற்றிய சாம்பலும் ஆரஞ்சும் மீட்டரில் இணைந்திருப்பதாகக் காட்டினால், ஒன்று சுவிட்ச் ஒட்டிக்கொண்டது, இல்லையென்றால் வால்வு முழுசாக மூடவில்லை. இரண்டு வால்வுகளையும் பாருங்கள். பாய்லர் அணைந்த பின் பம்பு மட்டும் சில நிமிடம் ஓடுவது கோளாறு அல்ல.

மூன்று வாய் வால்வுள்ள 'ஒய்-பிளான்' வீடுகளில் வெள்ளை வயரும் உண்டு, சாம்பலின் வேலையும் வேறு. இந்தக் கணக்கு அங்கே ஒத்துவராது.

வால்வின் தலைப்பகுதி தனியாகக் கழலும் மாடலாக இருந்தால், தண்ணீரை வடிக்காமலே அதை மட்டும் மாற்றலாம். கேஸ் பாய்லரின் மூடியை மட்டும் தொடாதீர்கள். கேஸ் வேலையைச் சட்டப்படி 'கேஸ் சேஃப்' (Gas Safe) பதிவேட்டில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். வாடகை வீடு என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், பொதுவாக இதைச் சரிசெய்வது அவர் பொறுப்பு. லீவர் எப்படி இருந்தது, சுடுதண்ணீர் வந்ததா என்று இரண்டையும் எழுதி அனுப்பினால் வருகிறவர் சரியான சாமானோடு வருவார்.